விண்டோஸா, லினக்ஸா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால் அடுத்து என்ன செய்வது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவதா என்று கேட்கிறீர்கள், சிலர் அதை வைத்துச் சண்டையும் பிடிக்கிறீர்கள். ஹட்டனில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிற லெப்டொப்களும் இதே கேள்வியோடுதான் வருகின்றன. இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏழு கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

அண்ணா, நானும் என் நண்பனும் உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறோம். தொழில்நுட்பத்தில் லினக்ஸ்தான் சிறந்தது என்று நான் சொல்கிறேன். அப்படியென்றால் நம் ஊரில் ஒரு வீட்டிலும் ஏன் அது இல்லை என்று அவன் கேட்கிறான். யார் சொல்வது சரி?
*மாணவன், தலவாக்கலை*

தம்பி, உங்கள் நண்பனுடைய அம்மா கையில் ஆண்ட்ரொய்ட் போன் இருந்தால் அந்த வீட்டில் லினக்ஸ் இருக்கிறது. ஆண்ட்ரொய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான். கேர்னல் என்றால் புரோகிராம்களுக்கும் மெஷினுக்கும் நடுவில் நிற்கிற, இயங்குதளத்தின் மையப் பகுதி. உலகின் வேகமான 500 சுப்பர் கம்பியூட்டர்களும் 2017 நவம்பர் பட்டியலிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. அதனால் ஒருவரும் பாவிப்பதில்லை என்ற அவனுடைய வாதம் நிற்காது.

உங்கள் பக்கமும் முழுக்கச் சரியில்லை. விண்டோஸ் உள்ளுக்குள் மட்டமானது என்று நினைத்துக்கொண்டுதான் பலர் பேசுகிறார்கள். இன்றைய விண்டோஸின் அடித்தளம் என்டி, 1993 இல் வெளிவந்தது. அதற்கு முன் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் கட்லரின் தலைமையில் எழுதப்பட்டது. டிஸ்க்கிடமோ நெட்வேர்க்கிடமோ ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை காத்து நிற்காமல் அடுத்த வேலையைப் பார்க்கிற முறை அதற்குள் முதலிலிருந்தே கட்டப்பட்டிருந்தது. எல்லா வகை வேலைக்கும் ஒழுங்காகப் பொருந்துகிற அப்படியான ஏற்பாடு லினக்ஸுக்கு ஐஓ யூரிங் என்ற பெயரில் 2019 இல்தான் வந்தது. 20 வருடத்துக்கு முன் எழுதிய கணக்குப் புரோகிராம் பெரும்பாலும் இன்றைய விண்டோஸில் அப்படியே திறக்கும், லினக்ஸ் டெஸ்க்டொப்பில் அந்த நம்பிக்கையை நான் உங்களுக்குத் தர மாட்டேன்.

ஆனால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் திறந்து மூடுகிற வேலை என்று வந்தால் லினக்ஸ் முந்தும். 2016 இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் புரோகிராம்களை ஓட்டும் வசதியை மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்தபோது, லினக்ஸ் கேர்னல் இல்லாமல் அதன் அழைப்புகளை விண்டோஸ் கேர்னலே புரிந்துகொள்ளும்படி செய்து பார்த்தார்கள். ஃபைல் வேலையில் அது மந்தமாக இருந்தது. கடைசியில் 2020 இல் உண்மையான லினக்ஸ் கேர்னலையே விண்டோஸுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். உங்கள் நண்பனுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த மாதிரிச் சண்டை பழசு. 1992 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த அன்ட்ரூ டனன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்று பகிரங்கமாக எழுதினார். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது வயது 22. பழைய தேயிலை ஸ்டோரை நினைத்துப் பாருங்கள்: ஒரே எஞ்சின், கூரைக்குக் கீழே நீளமாக ஒரு தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் பெல்ட். தண்டு நின்றால் ஸ்டோரே நிற்கும். பிறகு ரோலருக்கு ஒரு மோட்டார் என்று வந்தது, ஒன்று எரிந்தாலும் மற்றவை ஓடும். டனன்பாம் கேட்டது தனித்தனி மோட்டார், அதாவது கேர்னலை மிகச் சிறிதாக வைத்து, டிரைவர் (வைஃபை, பிரிண்டர் போன்ற ஒவ்வொரு பாகத்தையும் இயக்குகிற மென்பொருள்), ஃபைல் முறை எல்லாவற்றையும் வெளியே தனித்தனிப் புரோகிராம்களாக ஓட்டுவது. லினஸ் எல்லாவற்றையும் ஒரே தண்டில் மாட்டினார், பகுதிகளுக்கிடையே செய்தி அனுப்பி அனுப்பி நேரம் போகாது என்பதால். வேகத்தில் லினஸ் வென்றார். ஆனால் டனன்பாம் பயந்தது பொய்யில்லை. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான அப்டேட், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியதே, அந்த மென்பொருளின் டிரைவர் கேர்னலுக்குள் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். விண்டோஸும் இந்த விஷயத்தில் பெரும்பாலும் ஒரே தண்டுதான். லினக்ஸிலும் கெட்ட டிரைவர் ஒன்று முழு மெஷினையும் நிறுத்த முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டனன்பாம் தானே எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளம் செத்துப்போகவில்லை. 2015 இல் வந்த இன்டெல் 6 ஆம் தலைமுறை முதல், சிப்செட்டுக்குள் இருக்கும் நிர்வாகப் பகுதி மினிக்ஸ் 3 இலிருந்து எடுத்த இயங்குதளத்தில் ஓடுகிறது. உங்கள் பாடசாலை லேப்பில் இருக்கிற இன்டெல் கணினிகளில் அப்படி ஒன்று இருந்தால், நீங்கள் விண்டோஸ் போட்டாலும் லினக்ஸ் போட்டாலும் அடியில் மினிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

என் லெப்டொப் ஐ3, 6 ஆம் தலைமுறை, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 போடப் போனால் இந்தக் கணினி பொருந்தாது என்று வருகிறது. கடையில் கேட்டால் புதிது வாங்குங்கள் என்கிறார்கள். பாடக் குறிப்பு தயாரிக்கவும் ஸூம் வகுப்புக்கும்தான் எனக்குத் தேவை. வேறு வழி இல்லையா?
*ஆசிரியை, பொகவந்தலாவை*

டீச்சர், தயவுசெய்து அதைத் தூக்கிப் போடாதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு மாதத்துக்குள் இதே பதிலைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்த நான்கு லெப்டொப்களில் ஒன்றுகூடப் பழுதில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் சீட்டுப் பிடித்து வாங்கியவை அவை.

விண்டோஸ் 11 மறுப்பது உங்கள் மெஷின் மெதுவானது என்பதால் இல்லை. இன்டெல்லில் 8 ஆம் தலைமுறையிலிருந்துதான், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, அதன் பட்டியல் தொடங்குகிறது. அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்க விடுகிற செக்யூர் பூட் வசதியும் வேண்டும். டிபிஎம்மைத் திட்டாதீர்கள், டிஸ்க்கைப் பூட்டும் சாவியை மற்றப் புரோகிராம்கள் தொட முடியாத இடத்தில் வைத்திருப்பது அதன் வேலை, அது நல்ல விஷயம். பட்டியலில் இல்லாத மெஷினில் விண்டோஸ் 11 ஐ ஏமாற்றிப் போடுகிற வழிகளும் இருக்கின்றன, நான் போட்டுக் கொடுப்பதில்லை. அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொஃப்ட் பொறுப்பெடுக்கவில்லை, பிறகு உங்களிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவசரமில்லையென்றால், விண்டோஸ் 10 இலேயே நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துகொள்ளலாம். வீட்டுப் பாவனையாளருக்கு அது 2026 ஒக்டோபர் 13 வரை. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸைக் கணக்கோடு ஒத்திசைக்க விட்டால் காசு கேட்காமலே பதிய வழி இருக்கிறது.

நான் செய்யச் சொல்வது இதை. நல்ல இணைப்பு இருக்கிற இடத்தில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பை இறக்குங்கள், ஏறத்தாழ 3 ஜிபி வரும், ராத்திரி டேட்டாவில் எடுத்தால் வசதி. அதை ஒரு பென் டிரைவில் எழுதி, லெப்டொப்பை அணைத்துத் திரும்பப் போடும்போது எஃப்12 ஐத் தட்டுங்கள், சில மெஷின்களில் எஃப்9 அல்லது எஸ்கேப். பட்டியலில் பென் டிரைவைத் தெரிவு செய்தால் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் திறக்கும். உடனே இன்ஸ்டோலை அழுத்தாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா என்று பாருங்கள், ஒரு பாட்டுப் போட்டுச் சத்தம் கேளுங்கள், கமரா திறக்கிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழும்புகிறதா, புரொஜெக்டர் கேபிளைக் குத்தினால் படம் விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். லினக்ஸில் ஆட்கள் சறுக்குவது கேர்னலில் இல்லை, இந்த டிரைவர்களில்தான். சில வைஃபை சிப்களும் சில பழைய லேசர் பிரிண்டர்களும் தலையை வலிக்க வைக்கும், அதை டிஸ்க்கை அழித்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

எல்லாம் ஓடினால், உங்கள் ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டுப் போடுங்கள். மின்ட் 22 இற்கு 2029 வரை அப்டேட் வரும். ஒன்றையும் திறக்காமல் சும்மா இருக்கும்போது அது ஏறத்தாழ ஒரு ஜிபி ரேம்தான் எடுக்கும், 4 ஜிபியில் மிச்சத்தைப் பிரவுசருக்கு விடும். அப்டேட்டை நீங்கள் சொன்ன நேரத்தில்தான் இறக்கும், டேட்டா கார்டில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கே தெரியும். ஸூம் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் வேர்ட் இருக்காது, லிப்ரே ஒஃபிஸ்தான். வேர்ட் ஃபைலைத் திறக்கும், ஆனால் அட்டவணையும் படமும் கலந்த வினாத்தாளில் வரிகள் இடம் மாறலாம், அதனால் அச்சுக்குக் கொடுக்கிற எதையும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும். உள்ளே இருப்பது சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், எந்த இயங்குதளம் போட்டாலும் அது இழுத்துக்கொண்டுதான் இருக்கும். எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், விண்டோஸா லினக்ஸா என்பதைவிட அந்த மாற்றத்தை நீங்கள் நன்றாக உணர்வீர்கள்.

நோர்வூட்டில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். மழை நேரம் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் கட்டுக்குத் தாங்கக்கூடியது எது, விண்டோஸா லினக்ஸா?
*கடைக்காரர், நோர்வூட்*

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் போன நாட்களில் என் மேசை முழுக்க இந்த வகை நோயாளிகள்தான்.

மலையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை உடனே செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதுவதில்லை, கைக்கொப்பியில் குறித்துக்கொள்வார், பிறகு ஒஃபிஸில் உட்கார்ந்து செக்ரோலுக்கு ஏற்றுவார். பாதி ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் கைக்கொப்பியைப் பார்த்து மறுபடி சரி செய்யலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 உம் இதைத்தான் செய்கின்றன, அதற்கு ஜேர்னல் என்று பெயர். டிஸ்க்கின் அமைப்பில் ஒரு மாற்றம் செய்வதற்கு முன் அதை ஜேர்னலில் எழுதும், கரண்ட் வந்ததும் அதைப் படித்து முடிக்க வேண்டியதை முடிக்கும். அதனால் இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஜேர்னல் காப்பாற்றுவது டிஸ்க்கின் அமைப்பை. நீங்கள் தட்டிக்கொண்டிருந்த, இன்னும் சேவ் செய்யாத கடிதத்தை அது காப்பாற்றாது. பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் எஃப்ஏடி32, எக்ஸ்ஃபட் இரண்டுக்கும் ஜேர்னலே கிடையாது. வாடிக்கையாளரின் பென் டிரைவிலிருந்தே ஃபைலைத் திறந்து திருத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் உங்கள் கடையில் மிக ஆபத்தான நேரம். முதலில் டெஸ்க்டொப்புக்குக் கொப்பி பண்ணுங்கள், வேலை முடிந்ததும் திருப்பிப் போட்டு, இஜெக்ட் கொடுத்துக் கழற்றுங்கள்.

ஒரே மெஷினில் இரண்டையும் வைக்கிற யோசனை இருந்தால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, கேர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள், இரண்டு இயங்குதளமும் அதற்கு ஈடாகாது.

நான் ஒரு அச்சகத்தில் டைப்செட் செய்கிறேன். பாமினி எழுத்துருவில்தான் பத்து வருடப் பழக்கம். லினக்ஸில் தமிழ் சரியாக வராது என்கிறார்களே?
*வாசகி, இராகலை*

தங்கச்சி, அது இயங்குதளத்தின் குறை இல்லை. பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று தட்டினால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது அந்த எழுத்துரு மட்டும்தான். எழுத்துரு இல்லாத மெஷினில் அந்தக் கோவில் நோட்டீஸ் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அது விண்டோஸானாலும் சரி. பாமினி எழுத்துருவை லினக்ஸில் போட்டால் அங்கேயும் அதேபோல் வேலை செய்யும்.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற பொது முறையான யூனிகோடில் தட்டினால் எழுத்து எழுத்தாகவே இருக்கும், தேடலாம், போனில் அனுப்பலாம். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு வசதியில் தமிழ்99, ரெங்கநாதன், தட்டச்சுப்பொறி முறை எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் அச்சகம் இன்னும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுகிறதென்றால் அந்த மெஷினில் விண்டோஸை மாற்றாதீர்கள். கல்யாண சீசனில் கை பழகிய கருவியைப் பிடுங்குவது நல்லதல்ல. வீட்டு மெஷினில் யூனிகோட் பழகிவாருங்கள்.

லினக்ஸுக்கு வைரஸ் வராது என்பது உண்மையா?
*வாசகர், பண்டாரவளை*

வரும். குறைவாக வரும். லினக்ஸில் சாதாரணப் பாவனையாளர் சிஸ்டம் ஃபைல்களைத் தொடுவதற்குப் பாஸ்வேர்ட் கொடுத்தாக வேண்டும், மென்பொருளை ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து இறக்காமல், லினக்ஸ் வெளியிடுபவர்களே வைத்திருக்கிற மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுக்கிற பழக்கமும் உதவுகிறது. டெஸ்க்டொப்பில் அதைப் பாவிப்பவர்கள் குறைவு என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது.

நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற பென் டிரைவ் வைரஸை எடுங்கள். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும், அழுத்தினால் அடுத்த மெஷினுக்கும் ஏறும். போன வாரம் ஒரு அக்கா பிள்ளையின் பிறந்தநாள் படமெல்லாம் போய்விட்டது என்று அழுதுகொண்டு பென் டிரைவைக் கொண்டுவந்தார். லினக்ஸ் மெஷினில் குத்தினேன். விண்டோஸின் மறைப்புக் குறியை அது பொருட்படுத்துவதில்லை, ஃபோல்டர் எல்லாம் அப்படியே தெரிந்தது, 412 படமும் இருந்தது. ஷோர்ட்கட்டுகளை அழித்துக் கொடுத்தேன்.

ஆனால் 2024 மார்ச்சில் லினக்ஸில் பாவிக்கிற எக்ஸ்இஸட் என்ற, ஃபைல் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு (களவாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தது தெரியவந்தது. ரிமோட்டில் உள்நுழையும்போது வழக்கத்தைவிட அரை வினாடி கூட எடுக்கிறதே என்று ஒருவர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால்தான் பிடிபட்டது. அவர் ஆண்ட்ரெஸ் ஃப்ரூண்ட், மைக்ரோசொஃப்டில் வேலை செய்பவர். மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது, திறந்து கிடந்தும் அதற்கு முன் ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மகள் கொழும்பில் டிசைன் படிக்கப் போகிறாள். மேக்தான் வேண்டும் என்கிறாள்.
*தகப்பன், நானுஓயா*

படிப்பு கேட்டால் வாங்கிக் கொடுங்கள், நிறம் காட்டுவதிலும் பேட்டரியிலும் அது நல்ல மெஷின். ஆனால் எம்1 முதல் வந்த மேக்புக்குகளில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி எடுங்கள். பழுதானால் இங்கே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பார்ப்பது கஷ்டம், கொழும்புக்குத்தான் போக வேண்டும். விரிவுரையாளர்கள் எந்த மென்பொருளைப் பாவிக்கிறார்கள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கம்பியூட்டரே இல்லை அண்ணா. அம்மாவின் போன் மட்டும்தான். உயர்தர ஐசிடி எடுத்திருக்கிறேன். விண்டோஸ், லினக்ஸ் என்று எல்லோரும் பேசும்போது நான் சும்மா இருக்கிறேன்.
*மாணவி, பசறை*

தங்கச்சி, இனிமேல் சும்மா இருக்க வேண்டாம். மேலே தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள், அந்தப் போனுக்குள் இருப்பதே லினக்ஸ் கேர்னல். எஃப்-டிரொய்ட் என்ற இலவசச் செயலிக் களஞ்சியத்திலிருந்து, கட்டளை தட்டுகிற டேர்மக்ஸ் என்ற செயலியை இறக்குங்கள், காசு இல்லை. கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் 'பிகேஜி இன்ஸ்டோல் பைதன்' என்பதை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தட்டினால் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிற பைதன் போனிலேயே ஓடும். ஒரு முறை இறக்கிவிட்டால் பிறகு டேட்டா தேவையில்லை, ராத்திரி லயத்தில் சிக்னல் இல்லாத நேரமும் பழகலாம். 'எல்எஸ்' (ஃபைல்களைப் பட்டியலிட), 'சிடி' (ஃபோல்டருக்குள் போக), 'எம்கேடிர்' (புது ஃபோல்டர் போட) மூன்றையும் அடித்துப் பாருங்கள், சர்வர் முன்னால் உட்கார்கிற ஆள் அடிப்பதும் அதே கட்டளைகள்தான். இயங்குதளப் பாடத்தில் வருகிற புரொசஸ் என்றால் என்ன என்று பார்க்க 'டொப்' என்று தட்டுங்கள், உங்கள் பைதன் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கண் முன்னால் ஓடும்.

போனின் சின்னத் திரையில் தட்டிக் கை வலித்தால், ஓடிஜி கேபிள் ஒன்றில் சாதாரண யூஎஸ்பி கீபோர்டைக் குத்தலாம், பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் போன்கள் எடுக்கும்.

முதல் புரோகிராமாக இதைச் செய்யுங்கள்: அம்மா ஒவ்வொரு நாளும் பறித்த கிலோவை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, நாள் அளவுக்கு மேலே எத்தனை கிலோ, மாதத்துக்கு மொத்தம் எத்தனை என்று காட்ட வேண்டும். மாதக் கடைசியில் அம்மாவின் சம்பளத் துண்டோடு வைத்துப் பாருங்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் முதல் பதில் உங்களுக்கு.